நண்டு வளையில் போன நீலக் களி

உலகத்தில் முட்டாள்தனம் பல வகை. என்னுடையது களிமண் வகை.

என் மனைவி ஆயுசு முழுக்கப் படித்த படிப்பையெல்லாம் ஒரே இடத்தில் பந்தயம் வைத்து, உப்புக் காட்டுக்கு நடுவே ஒரு குழாயை இறக்கி, பூமிக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணைக் குவியல் குவியலாக வைத்துவிட்டு, “அரை மணி நேரம் பாத்துக்கங்க” என்று என்னிடம் சொல்லிப் போனாள். நான் அதை எடுத்து ஒரு நண்டு வளையை அடைத்துவிட்டேன். அடைத்ததோடு நிற்கவில்லை. காலால் மிதித்து இறுக்கி, மேலே வழுவழுவென்று பூசி, கையைக் கழுவிக்கொண்டு, “நல்லா நின்னுடுச்சுல்ல?” என்று டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த ஆட்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

குடவாசல் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன் நான். ஆறு மா நிலமும் உண்டு. கரையில் தண்ணீர் கசிந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. மாப்பிள்ளைக் கோலத்தில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தாலும் காரை நிறுத்தச் சொல்லி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அடைத்துவிட்டுத்தான் ஏறுவோம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. ஆனால் யாராவது கூண்டில் ஏற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் உருப்படியான ஆள் அவள்தான், அதனால் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் படித்தது ஜியாலஜி. தஞ்சாவூரில் பிறந்த பெண் கல்லைப் பற்றிப் படிக்கப் போனது, மீன் மலையேறப் போன மாதிரி. எங்கள் சீமையில் ஏது கல்? நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு அது நிலவரம். பெரிய கோயிலுக்கே கல் வெளியூரிலிருந்துதான் வந்து சேர்ந்தது.

பெண் பார்க்கப் போனபோது, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “உங்க ஊர்ல எத்தனை அடியில மணல் வருது?”

“மோட்டார் போட்டா தண்ணி வருதுங்க” என்றேன்.

அவள் சிரித்தாள். பெரியவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் உறுதிப்படவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஆபீசிலிருந்து காட்டு முகாமுக்குப் போன முதல் பெண் அவள்தான். “பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிட்டு நாளைக்கு யாரு பதில் சொல்றது?” என்று மேலதிகாரி கேட்டாராம். “நானே திரும்பி வந்து சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு, சுத்தியலையும் கூடாரத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவள். தார் ரோடு முடிந்து, மண் ரோடு முடிந்து, ஒற்றையடிப் பாதையும் முடிந்த பிறகுதான் அவளுக்கு ஆபீசே தொடங்கும். வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். யாரும் நடந்து பார்க்காத குன்றுகளை நடந்து பார்த்து வரைந்தாள். பின்னால் வந்த ஆம்பளை அதிகாரிகள் அவள் போட்ட கோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழி கண்டுபிடித்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை நானும் அந்த முகாமுக்குப் போனேன். பார்த்த இடமெல்லாம் கல். டெல்டாக்காரனுக்குக் கண் பிதுங்காதா? இவ்வளவு கல் ஓசியிலா! துணி துவைக்க ஒன்று, வாசலில் போட ஒன்று, வீட்டில் இஞ்சி நசுக்க ஒன்று என்று சாக்குப் பை நிறைய அள்ளினேன். மறுநாள் அவள் ஆட்கள் மூன்று பேர் மலைச்சரிவு முழுக்க எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தேழாம் நம்பர் கல்லைக் காணவில்லையாம். நாலு நாள் ஏறி இறங்கிக் கண்டுபிடித்து, சாக்பீஸால் நம்பர் போட்டு வைத்திருந்த கல். என் பையில், துண்டில் சுற்றி, இஞ்சி நசுக்கத் தயாராக இருந்தது.

இது என் முன்குற்றம். இவ்வளவு தெரிந்தும் என்னை அரை மணி நேரம் நம்பினாள் பாருங்கள், அவளும் மனுஷிதான்.

ரிட்டையர் ஆனதும் எல்லாரும் அவளுக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டியூஷன் எடுக்கலாம், கோலப் போட்டிக்கு நடுவராகப் போகலாம், மாடியில் தக்காளி போடலாம். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வானத்திலிருந்து எடுத்த படங்களை நாள்கணக்கில் பார்த்தாள். அதிராம்பட்டினத்துக்கு அந்தப்புறம் அலையாத்திக் காடும் உப்புத் திட்டுமாகக் கிடக்கிற இடம். எனக்குப் படத்தில் சாம்பல் கலரில் ஒரு தேமல் மாதிரி தெரிந்தது.

“இங்க ஒரு ஆறு படுத்திருக்கு” என்றாள்.

காவிரி நினைத்த இடத்தில் படுத்து, நினைத்தபோது எழுந்து வேறு பக்கம் போய்ப் படுக்கிற ஆறு. அது விட்டுப்போன பழைய படுக்கைகள் மண்ணுக்கடியில் மணலாகக் கிடக்கும். அந்த மணலுக்கு மேலே நல்ல களிமண் மூடி இருந்தால், கடல் பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளே நல்ல தண்ணீர் பத்திரமாக இருக்கும். இது என் மனைவியின் கணக்கு.

அந்தத் திட்டின் ஓரத்தில் முப்பது வீடு இருக்கும் ஒரு மீனவக் குப்பம். குடிதண்ணீர் படகில்தான் வரும். ஏற்கெனவே மூன்று போர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றுக்கும் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் வந்து இடம் குறித்தார்கள். மூன்றும் உப்பு.

“மூணு தேங்காயும் பொய் சொல்லிடுச்சு டீச்சரம்மா” என்றாள் எங்களைப் படகில் ஏற்றிப்போன அம்மா. படித்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு டீச்சர்தான். “பஞ்சாயத்துல இன்னும் ஒரே ஒரு போருக்குத்தான் குழாய் தருவாங்களாம். அதுவும் உப்பாப் போனா, ஊரையே காலி பண்ணிட்டு டவுனுக்கு வாடகைக்குப் போயிடுறதுன்னு பேசி வச்சிருக்கோம். நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

நல்லாப் பார்க்க இரண்டு வருஷம் ஆயிற்று. மாசத்தில் பத்து நாள் அந்தச் சேற்றில் நடந்தாள். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் ஆணி அடித்த பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே முழங்கால் சேறு. அவள் கொக்கு மாதிரி காலைத் தூக்கி வைத்து நடப்பாள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான். எத்தனை தடவை விழுந்தேன் என்று கேட்காதீர்கள். நின்றது எத்தனை தடவை என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடலாம்.

நூறு அடிக்கு ஒருதரம் கைத்துளைப்பானைத் திருகி ஒரு பிடி மண் எடுப்பாள். எடுத்ததும் கிள்ளி வாயில் போட்டுக் கடிப்பாள். களியில் பொடி மணல் இருந்தால் பல்லில் நறநறக்கும்; சுத்தக் களி என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கருவியெல்லாம் அப்புறம், முதலில் பல். இதைப் படகுக்கார அம்மா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பு மிளகாய் தடவிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எத்தனாவது மாசம் டீச்சரம்மா?”

மனைவி வாயில் மண். பதில் சொல்ல முடியவில்லை. “அவங்களுக்கு அறுபது ஆச்சும்மா” என்று நான்தான் சொன்னேன்.

“மண்ணு திங்கிற ஆசை வயசு கேட்டுக்கிட்டா வருது?” என்றாள். பிறகு என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை உரக்கடை வைத்த நாளிலிருந்து எனக்கு யாரும் கொடுத்ததில்லை. மறுக்க எனக்கு மனசு வரவில்லை. மனைவி வாயைக் கொப்பளித்துவிட்டு மறுத்தாள்.

கடைசியில் ஓர் இடத்தில் குச்சி நட்டாள். குப்பத்துக்குப் பின்னால், மழைத்தண்ணீர்க் குட்டையின் கரையை ஒட்டி. குப்பத்து ஆடு மாடு குடிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த குட்டை அது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் அந்தக் கரைதான் தடுத்துக்கொண்டிருந்தது.

லாரி அங்கே வராது. வந்தால் திரும்பிப் போகாது. அதனால் கைபோர். மூங்கில்களைக் கூம்பாகக் கட்டி, கயிறு மாட்டி, நாலு பேர் குழாயைத் தூக்கித் தூக்கிக் குத்தி இறக்குவது. மேஸ்திரியும் மூன்று ஆட்களும் இரண்டு படகில் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். குறுவை நேரம், வடக்கே அவருக்கு மூன்று போர் காத்திருந்தது. இரண்டு நாள்தான் என்று சொல்லித்தான் வந்தார்.

ஒவ்வொரு முறை குழாய் தூக்கும்போதும் வரும் மண்ணைச் சாக்கின் மேல் வரிசையாகக் குவித்து, நம்பர் சீட்டு வைத்து, சிப்பியைப் பாரமாக வைக்கவேண்டும். பதினோரு குவியல் வரை அவளே பார்த்து, கடித்து, எழுதினாள். அத்தனையும் உப்பு மணல். அதற்குப் பிறகு ஊர்க்கோடியில் இருந்த பழைய போரின் தண்ணீரை ஒருதரம் சோதித்துவிட்டு வரக் கிளம்பினாள். படகுக்கார அம்மாவும் கூடப் போனாள்.

“வரிசையா வைங்க. சீட்டு வைங்க. தொடாதீங்க” என்றாள் என்னிடம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “இருபத்தேழாம் நம்பர் ஞாபகம் இருக்கட்டும்” என்றாள்.

பன்னிரண்டாவது குவியலில் நிறம் மாறியது. மழை மேகம் மாதிரி நீலம் கலந்த சாம்பல். என்ன களி! கையில் ஒட்டாது, விரல் வைத்தால் ரேகை பதியும். பதினேழு வரை அதுதான். பதினெட்டில் பளிச்சென்று வெள்ளை மணல் வந்தது. “மணல் வந்திருச்சு!” என்று மேஸ்திரி குரல் கொடுத்துவிட்டு, ஆட்களோடு படகு நிழலுக்கு டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சளசள, சளசள.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு நண்டு வளை வழியாக உப்புத் தண்ணீர் குட்டைக்குள் குதித்துக்கொண்டிருந்தது. வளை என் கண்ணெதிரே அகலமாகிக்கொண்டே வந்தது. காலடிச் சேற்றை அள்ளிப் போட்டேன். நொசநொசவென்று கரைந்து போனது. திரும்பிப் பார்த்தேன். சாக்கின் மேல் நீலக் களி, உருட்டி வைத்த வெண்ணெய் மாதிரி.

மற்றதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பி வந்து சாக்கைப் பார்த்தாள். சீட்டுகளை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பன்னிரண்டு முதல் பதினேழு வரை, ஒவ்வொன்றின் மேலும் சிப்பி வைத்து, ஒன்றுகூடப் பறக்காமல். கீழே மண் மட்டும் இல்லை.

“பன்னெண்டு எங்க?”

கரையைக் காட்டினேன்.

“பதிமூணு?”

“அதுவும் அங்கதாம்மா. எல்லாம் ஒண்ணா இருக்கட்டுமேன்னு…”

படகுக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏன் ஐயா, இந்த ஊர்ல சேத்துக்கா பஞ்சம்? கண்ணுக்கு எட்டுன தூரம் சேறுதானே கெடக்கு!”

“அது நிக்கல. இது வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. நடுவுல ஒரு குவியல்தான் கொஞ்சம் சொரசொரன்னு இருந்துச்சு. அதை மட்டும் தண்ணியில தள்ளிட்டேன்.”

சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். “சொரசொரன்னு இருந்தது எந்த நம்பர்?”

“பதினாலு. இல்ல, பதினஞ்சு. பதிமூணாக்கூட…”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கரைக்குப் போய்க் குனிந்து, என் அடைப்பிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துக் கடித்துப் பார்த்தாள். “நல்ல களி” என்றாள். அவ்வளவுதான்.

விஷயம் இது. மேலே உப்பு மணல், கீழே நல்ல மணல், நடுவே களி ஒரு மூடி. போர் போடுவது என்றால் மூடியில் ஓட்டை போடுவது. குழாயை இறக்கிய பிறகு அதைச் சுற்றிக் களியை இறக்கி, ஓட்டையைத் திரும்ப அடைக்கவேண்டும். அந்தச் சொரசொரப்பு, மூடிக்கு நடுவே ஓடுகிற மணல் விரிசல். விரிசல் வழியாக உப்பு வந்து நிற்கும். அதற்குக் கீழே அடைத்தால் நல்ல தண்ணீர். மேலே அடைத்தால் நாலாவது தேங்காய். அந்தக் குப்பத்தின் விதி எந்தக் குவியலில் இருந்ததோ, அதை நான் காலால் தள்ளியிருந்தேன். அவள் செய்ய வந்ததும் ஒரு அடைப்புத்தான். நான் முந்திக்கொண்டேன்.

மேஸ்திரி காதைச் சொறிந்தார். “மேடம், கீழ நல்ல மணல் வந்தாச்சுல்ல. குத்துமதிப்பா பதினாலுகிட்ட அடைச்சுட்டுப் போயிருவோம்.”

“குத்துமதிப்பா நான் இதுவரைக்கும் ஒரு கோடு போட்டதில்ல மேஸ்திரி. மூணடி தள்ளி இன்னொரு குழி போடுங்க. பாக்கறதுக்கு மட்டும்.”

“கண்ணை மூடிக்கிட்டு எறக்க மாட்டேங்கறீங்க, சரி. உங்க வீட்டுக்காரர் கண்ணைத் தெறந்துக்கிட்டேல்ல அடைச்சிருக்காரு? என் பசங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு மேடம். ஆளுக்கு எங்க போறது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க நான் கயிறு இழுத்தேன். மூட்டை தூக்கவே ஆள் வைத்திருக்கும் கடை முதலாளி. இருபதாவது இழுப்பில் உள்ளங்கை கொப்புளித்தது, ஐம்பதாவதில் உடைந்தது. “முதலாளி, இழுக்குறது நீங்களா, கயிறு உங்களை இழுக்குதா?” என்று ஒருவன் கேட்டான். பிறகு குப்பத்துப் பெண்கள் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். வலை இழுத்துப் பழகின கைகள். குழாய் பூமிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. நான் கயிற்றின் கடைசியில், வாலில் கட்டிய டப்பா மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வந்தது, கடித்தாள், துப்பினாள், எழுதினாள். பதிமூன்று. பதினாலு. “சுத்தக் களி” என்றாள். பதினைந்தைக் கடித்தபோது எனக்கே அந்த நறநற கேட்டது.

“பதினஞ்சு” என்றாள். மேஸ்திரியைப் பார்த்தாள்.

பதினாலில் அடைக்கச் சொன்ன மேஸ்திரி, தலைப்பாகையைக் கழற்றி உதறி, திரும்பக் கட்டிக்கொண்டார். வடக்கே காத்திருக்கும் போர்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, அந்தக் களியை உருட்டும் வேலை எனக்கு வந்தது. எலுமிச்சை அளவில் உருண்டை உருட்டி, குழாயைச் சுற்றி ஒவ்வொன்றாகப் போட்டு, நீளக் கம்பால் இடித்து இறுக்கவேண்டும். பதினாறும் பதினேழும் இருந்த ஆழத்தில், சொரசொரப்புக்குக் கீழே. பார்ப்பதற்கென்று போட்ட குழியையும் அப்படியே களியால் அடைத்தோம். ஒவ்வொரு உருண்டைக்கும் “போடலாமா மேடம்?” என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன்.

மறுநாள் காலை கைபம்பு மாட்டி அடித்தார்கள். முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு தெளிவு. மனைவி உப்பு அளக்கிற கருவியை முக்கி எண்ணைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மேஸ்திரி ஒரு கை அள்ளிக் குடித்து, “இனிக்குது!” என்று கத்தினார்.

குப்பத்துப் பெண்கள் அசையவில்லை.

“மிசின் சொல்றது இருக்கட்டும் டீச்சரம்மா” என்றாள் படகுக்கார அம்மா. “போன போருக்கும் மொத நாள் இனிக்குதுன்னுதான் சொன்னாங்க. பருப்பு வேகட்டும்.”

உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. நாள் முழுக்கக் கொதித்தாலும் சரளைக்கல் மாதிரி கிடக்கும். அந்த ஊரில் சாம்பார் என்பது படகில் தண்ணீர் வந்த நாளில் மட்டும் வைப்பது. பம்புக்குப் பக்கத்திலேயே மூன்று செங்கல் வைத்து, சவுக்குச் சுள்ளியைப் பற்றவைத்து, அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டார்கள். ஊரே சுற்றி உட்கார்ந்தது.

காட்டில் கரடிக் காலடியைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே கூடாரம் அடித்தவள் என் மனைவி. அன்றைக்கு ஒரு பருப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நான் ஏதோ ஜோக் சொல்லப் போனேன். “சும்மா இருங்க” என்றாள். இருந்தேன். வாழ்க்கையில் சொன்ன பேச்சை நான் கேட்ட அபூர்வமான தருணம் அது.

கொதித்தது. நுரைத்தது. படகுக்கார அம்மா கரண்டியால் நாலு பருப்பை எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினாள். விரலைப் பார்த்தாள். இன்னொரு தரம் நசுக்கினாள்.

“மசிஞ்சுருச்சுடீ!”

அப்புறம் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பது வீட்டுக் குடமும் எங்கிருந்தோ உருண்டு வந்து வரிசையில் நின்றது. பிளாஸ்டிக் குடத்தில் தாளம் போட்டார்கள். மேஸ்திரி பம்பு அடித்துக்கொண்டே ஆடினார். படகுக்கார அம்மா சோற்றில் அந்தப் பருப்பைப் போட்டு, நெய்கூட இல்லாமல் பிசைந்து உருட்டி, என் மனைவியின் வாயில் ஊட்டினாள்.

“மண்ணு தின்னதெல்லாம் போதும் டீச்சரம்மா. இதைத் தின்னு.”

என் மனைவி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் மெல்லுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது படகில் அவள் முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு முதல் குழியின் கணக்கைச் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆழம், நிறம், பல்லுக்கு எப்படி இருந்தது எல்லாவற்றுக்கும் கட்டம். எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு முதல் பதினேழு வரை ‘மாதிரி இல்லை’ என்று இருந்தது. பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். என் பெயரும் சரித்திரத்தில் ஏறும் நேரம் வந்துவிட்டதே! நானே எடுத்துக் கொடுத்தேன்: கடல் ஏறியது என்று போடலாம், நண்டு வளை என்று போடலாம், கரையைக் காப்பாற்றிய அவசரம் என்றுகூடப் போடலாம்.

அவள் ஏதோ ஒரே வார்த்தை எழுதி, பேனாவை மூடினாள்.

“காரணம்னு என்னம்மா போட்டிருக்க?”

“கணவர்.”